வளைந்த கையும் நேரான தீர்ப்பும்



இந்தப் பத்திரிகையில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதுகிறேன் என்றவுடன் சிலர் முகம் சுளிப்பீர்கள். "பாஸ்டருக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. போன மாதம் வாலிபர் கூடுகை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் கேட்டான். "பாஸ்டர், முரளிதரன் எடுத்த 800 விக்கெட்டு நெசமான சாதனையா, இல்ல மாங்காவா?"

மாங்கா என்றால் நம்முடைய தாய்மார்களுக்கு விளங்காது. மாமரத்தில் காய் அடிக்கக் கல் எறிகிறோமே, அதுபோலப் பந்தைப் போடாமல் எறிகிறவனைப் பையன்கள் அப்படிச் சொல்வார்கள். அந்தத் தம்பி கேட்டு முடிக்கும் முன்னே பக்கத்தில் இருந்த இன்னொருவன் பதில் சொல்லிவிட்டான். "இதுல என்ன சந்தேகம்? எறிதான். பார்த்தாலே தெரியுதே!"

பிரியமானவர்களே, பார்த்தாலே தெரியுதே என்கிற அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. ஒரு மனுஷனைக் கண்ணால் கண்டதை வைத்துக் குற்றவாளி என்று சொல்கிறோம். பிறகு அவன் சோதிக்கப்படுகிறான். சோதனை அவன் பக்கம் சாட்சி சொல்கிறது. அதற்குப் பிறகும் நம்முடைய கண்ணையே பிடித்துக்கொண்டிருக்கலாமா? இது விளையாட்டுக் கேள்வி அல்ல.

முத்தையா முரளிதரன் 1972ஆம் வருஷம் கண்டியில் பிறந்தவர். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம் ஜனங்களுக்கு மலைத்தோட்ட வாழ்க்கையை நான் விளக்க வேண்டியதில்லை. தகப்பனார் பிஸ்கட் கம்பெனி வைத்து முன்னுக்கு வந்தார். பையன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தான். முதலில் வேகப்பந்துதான் போட்டான். பதினான்கு வயதில் பயிற்சியாளர் சொல்லி சுழற்பந்துக்கு மாறினான். 1992இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை அணியில் முதல் டெஸ்ட் ஆடினார்.

மூன்று வருஷம் கழித்து 1995 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மெல்போர்ன் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான ஜனங்கள். முரளிதரன் பந்து போடுகிறார். பந்து போடுகிற முனையில் நின்ற நடுவர் டேரல் ஹேர் கையை நீட்டி "நோ-பால்" என்கிறார். கால் கோட்டைத் தாண்டியதற்காக அல்ல, கை எறிகிறது என்பதற்காக. மூன்று ஓவருக்குள் ஏழு முறை இப்படி. அத்தனை ஜனங்களுக்கு முன்பாக ஒரு இருபத்துமூன்று வயது வாலிபனை "நீ திருடுகிறாய்" என்று ஏழு முறை சொன்னதற்குச் சமம் அது. அணித்தலைவர் ரணதுங்கா அவரை அந்த முனையிலிருந்து எடுத்து எதிர்முனையில் போட வைத்தார். அங்கே நின்ற நடுவர் ஸ்டீவ் டன். அந்த முனையிலிருந்து முரளிதரன் மேலும் 32 ஓவர் போட்டார். டன் ஒரு பந்தையும் குறை சொல்லவில்லை. அப்போது ஸ்கொயர் லெக்கில், அதாவது கையைப் பக்கவாட்டில் நன்றாகப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றிருந்த ஹேரும் சொல்லவில்லை! ஒரே நாள், ஒரே கை, ஒரே மனுஷன். ஒரு முனையில் குற்றம், மறு முனையில் குற்றமில்லை. கண்சாட்சியின் பலம் எவ்வளவு என்று இதிலேயே தெரிகிறது அல்லவா?

பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ராஸ் எமர்சன் என்ற இன்னொரு நடுவரும் அப்படியே செய்தார். 1999இல் அடிலெய்டில் அதே எமர்சன் மறுபடியும் கையை நீட்டியபோது ரணதுங்கா தன் அணியை எல்லைக்கோடு வரைக்கும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் நின்றது. ரணதுங்கா செய்தது சரியா என்று கேட்டால், எனக்கு அந்த முறை பிடிக்காது. ஆனால் தன் ஆளைத் தனியே விட்டுவிடாத தலைவன் என்பதை மறுக்க முடியாது.

இங்கே ஒரு நிமிஷம் நின்று, எறிதல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாமலேதான் தீர்ப்பு சொல்கிறார்கள். கை வளைந்திருந்தால் குற்றம் என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. உங்கள் வலது கையை முழங்கையில் கொஞ்சம் மடக்கி, மடக்கினபடியே தோளிலிருந்து சுற்றிப் பாருங்கள். அதில் குற்றம் இல்லை. இப்போது மடக்கின கையைச் சுற்றும்போதே வெடுக்கென்று நேராக்குங்கள். அதுதான் எறி. வளைவு குற்றமல்ல, நிமிர்த்துவதுதான் குற்றம். முரளிதரனுக்கோ பிறவியிலேயே முழங்கை முழுவதும் நிமிராது. அவர் கையை நீட்டி நின்றாலும் அது வளைந்துதான் இருக்கும். போதாததற்குத் தோளும் மணிக்கட்டும் சாதாரண மனுஷருக்குச் சுற்றாத அளவுக்குச் சுற்றும். வளைந்த கை வேகமாகச் சுற்றும்போது, தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது நிமிர்வதுபோலத் தெரியும்.

இதைச் சொன்னது நானல்ல. 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அவரைப் பந்து போட வைத்து, பல கோணங்களில் கேமரா வைத்து அளந்து பார்த்துச் சொன்னார்கள். எறிவதுபோலத் தெரிவது கண்ணின் மயக்கம் என்றார்கள். குற்றம் சாட்டின தேசத்திலேயே நடந்த சோதனை என்பதையும் கவனியுங்கள்.

அதோடு விட்டார்களா? 2004இல் அவர் போட்ட "தூஸ்ரா" என்கிற பந்தின்மேல் புகார் வந்தது. ஆஃப் ஸ்பின் போலவே கையிலிருந்து புறப்பட்டு எதிர்ப்பக்கம் திரும்புகிற பந்து அது. மறுபடியும் அதே பல்கலைக்கழகம். இந்த முறை சோதனை அவருக்கு முழுச் சாதகமாக இல்லை, நான் மறைக்கப்போவதில்லை. அந்தப் பந்தில் கை ஏறக்குறைய 14 டிகிரி நிமிர்ந்தது. திருத்திக்கொண்ட பிறகு 10 டிகிரிக்குப் பக்கமாக வந்தது. சுழற்பந்துக்கு அன்றைக்கு இருந்த வரம்போ 5 டிகிரி. ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே அவர் எறிகிறவர்தான் என்று வெளிப்படையாகப் பேசினார். ஒரு தேசத்தின் பிரதமருக்கு இது வேண்டாத வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வருஷம் முரளிதரன் ஆஸ்திரேலியப் பயணத்துக்கே போகவில்லை.

அதே வருஷம் அவர் ஒரு காரியம் செய்தார். முழங்கை அசையவே முடியாதபடி கெட்டியான கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு, இங்கிலாந்துத் தொலைக்காட்சியின் கேமராவுக்கு முன்பாகப் பந்து போட்டார். ஆஃப் ஸ்பின் போட்டார், தூஸ்ராவும் போட்டார். பந்து திரும்பியது. கையைக் கட்டிப்போட்ட பிறகும் பந்து திரும்புகிறதென்றால், அது முழங்கையின் வேலையா, தோளும் மணிக்கட்டும் செய்த வேலையா?

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு. மட்டையால் பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பதை "ஹோம் ரன்" என்கிறார்கள், நம் சிக்ஸர் மாதிரி. பேரி பாண்ட்ஸ் என்பவர் 2001இல் ஒரே பருவத்தில் 73 அடித்தார். 2007இல் ஹாங்க் ஆரோனின் 755ஐத் தாண்டி, மொத்தம் 762இல் நின்றார். இரண்டும் இன்றைக்கும் சாதனைதான். ஆனால் 2003இல் ஊக்கமருந்து விற்ற ஒரு நிறுவனத்தை அரசாங்கம் சோதனை போட்டபோது அவர் பேரும் அடிபட்டது. அவர்கள் கொடுத்த களிம்பை ஆளிவிதை எண்ணெய், மூட்டுவலி மருந்து என்று நினைத்துத்தான் உபயோகித்தேன் என்பது அவர் சொன்ன பதில். அவருடைய பயிற்சியாளர் சாட்சி சொல்ல மறுத்து ஜெயிலுக்கே போனார். பாண்ட்ஸுக்கு 2011இல் கிடைத்த தண்டனைத் தீர்ப்பு 2015இல் ரத்தானது. ஆனாலும் அவர்களுடைய புகழ் மண்டபத்துக்குள் பத்து வருஷம் ஓட்டுப் போட்டும் அவரை விடவில்லை. 2022இல் அந்த ஓட்டின் கடைசி வாய்ப்பும் போயிற்று. அவர் சாதனையை முறியடித்த அந்தப் பந்தை ஏழரை லட்சம் டாலருக்கு ஒருவர் வாங்கி, ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு, அதன்மேல் ஒரு நட்சத்திரக் குறியைப் பொறித்து அந்த மண்டபத்துக்கே அனுப்பினார். சந்தேகத்துக்குரியது என்று புத்தகத்தில் போடுகிற குறி அது.

நான் ஞாயிற்றுக்கிழமை ஊழியம் செய்கிறவன், மற்ற நாட்களில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவன். அதனால் எனக்கு இது இப்படித்தான் விளங்குகிறது. ஏலக்காயில் பச்சை நிறம்தான் காசு. நல்ல பச்சையாக, எட்டு மில்லிமீட்டர் பருமனாக இருந்தால் போடி ஏலத்தில் கை போட்டி போடும். அதற்காகச் சாயம் ஏற்றி விற்கிறவர்களும் உண்டு. கண்ணுக்கு அதைப்போல அழகான காய் கிடையாது! ஆய்வுக்கூடத்தில்தான் சாயம் வெளியே வரும். இன்னொரு பக்கம், மழையில் பறித்து, ஸ்டோரில் சூடு சரியாக விழாமல் வெளுத்துப்போன காய். பார்த்தால் பழசு என்று தள்ளிவிடுவோம். உரித்தால் உள்ளே அரிசி கருகருவென்று, வாசம் மூக்கைத் துளைக்கும். பாண்ட்ஸுடைய அடி கண்ணுக்கு மகா அழகு. முரளிதரனுடைய கை கண்ணுக்குக் கோணல். கண் முதலாமவரைக் கொண்டாடியது, இரண்டாமவரைத் தண்டித்தது. இரண்டு இடத்திலும் கண்ணுக்குக் கணக்கு தெரியவில்லை.

இன்னும் ஒரு வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாண்ட்ஸுடைய காரியத்தில் தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டார், கதவு பூட்டியே இருந்தது. முரளிதரனோ கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க் கையை நீட்டினார். 1996, 2004 என்று வரிசையாக.

"சரி பாஸ்டர், ஆனா அவருக்காகத்தானே சட்டத்தையே மாத்துனாங்க?" என்று தம்பி விடவில்லை. நல்ல கேள்வி. முரளிதரனை நேசிக்கிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள், நான் குதிக்க மாட்டேன். 2005 மார்ச் முதல் தேதியிலிருந்து எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 டிகிரி வரை அனுமதி என்று சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் மாற்றியது உண்மை. அவருடைய தூஸ்ரா அதற்குள் அடங்கியதும் உண்மை. ஆனால் ஏன் மாற்றினார்கள்? 2004இல் இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியில் வந்த பந்துவீச்சாளர்களைக் கேமராவில் அளந்தார்கள். பார்த்தால், ஏறக்குறைய அத்தனை பேருடைய கையும் கொஞ்சமாவது நிமிர்கிறது! நேரான கை, சுத்தமான கை என்று உலகம் புகழ்ந்த வேகப்பந்துக்காரர்களில் சிலருக்கு 10 டிகிரிக்கு மேலேயே. அதாவது பழைய சட்டத்தை அப்படியே எடுத்தால் முரளிதரன் மட்டுமல்ல, பெரிய பெரிய பேர்களும் மீறினவர்கள். அளக்காததால் அவர்கள் நீதிமான்கள், அளந்ததால் இவர் குற்றவாளி! 15 டிகிரிக்குப் பக்கமாக வந்தால்தான் நிமிர்வது கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கிறது என்பதால் அந்த எண்ணை வைத்தார்கள். அந்தக் குழுவில் மேற்கிந்தியத் தீவுகளின் மைக்கேல் ஹோல்டிங் இருந்தார். எறிபவர்கள்மேல் இரக்கம் காட்டாத மனுஷன். அளவைக் கண்ட பிறகு அவரும் ஒத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கூட்டத்தில் அதிகம் பிடித்தவர் அவர்தான்.

ஒருவனை அளக்கப்போய் எல்லோரையும் அளக்க வேண்டியதாயிற்று. சட்டம் அவருக்காக வளைந்தது என்று சொல்வதைவிட, அவரால் சட்டத்துக்குக் கண் திறந்தது என்று சொல்வேன். இதில் வேறு கருத்து உள்ளவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை.

டேரல் ஹேரை என்ன சொல்வது? மெல்போர்னில் அவர் செய்ததை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். அன்றைய விதி அப்படி. நடுவருக்குப் பந்து நியாயமாகப் போடப்பட்டதென்ற திருப்தி இல்லாவிட்டால் சொல்லியே ஆகவேண்டும். அவர் கையில் கண்ணைத் தவிர வேறு கருவி இல்லை. சந்தேகப்பட்டார், சொன்னார். ஆனால் 1996 சோதனைக்குப் பின்பும், நடுவராக இருந்துகொண்டே, தன் புத்தகத்தில் அந்தக் கையைக் கடுமையான வார்த்தையால் ஏசி எழுதினாரே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. முதல் நாள் சந்தேகம் கடமை. சோதித்துத் தீர்ந்த பிறகும் விடாத சந்தேகத்துக்கு வேறு பெயர். ஒருவன் சொல்வதைக் கேளாமலும் அவன் செய்ததை அறியாமலும் தீர்ப்புக் கொடுக்கலாமா என்று நிக்கொதேமு பரிசேயரிடத்தில் கேட்டபோது அவர்கள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. நீயும் அந்த ஊர்க்காரனா என்று திருப்பிக் கேட்டார்கள்.

நம் பள்ளத்தாக்கிலேயே நடந்ததைச் சொல்கிறேன், பேர் வேண்டாம். திராட்சைக் கமிஷன் கடை வைத்திருந்த ஒரு அண்ணன். அவர் தராசு ஒரு பெட்டிக்கு அரைக் கிலோ தின்னுது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவரே எடையளவு ஆபீசுக்குப் போய் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்து, விவசாயிகள் பத்துப் பேரை நிற்க வைத்து, படிக்கல் போட்டுக் காட்டினார். முள் அசையவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் பேச்சு எப்படி மாறிற்று தெரியுமா? "ஆபீசர் வந்தப்ப சரியாத்தான் இருக்கும்!" அதற்கு அந்த மனுஷன் என்ன செய்ய முடியும்? தராசைக் காட்டலாம், இருதயத்தை எந்தப் படிக்கல்லில் காட்டுவது? இரண்டு அறுவடைக்குள் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். நான் அன்றைக்கு நின்ற பத்துப் பேரில் இரண்டு பேரைப் பிறகு கேட்டேன். "எந்தச் சோதனை காட்டினால் நம்பியிருப்பீர்கள்?" இருவராலும் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

ஆகையால் தம்பிக்கு நான் சொன்னது இது. சந்தேகப்படு, அதற்கு உனக்கு உரிமை உண்டு. ஆனால் என்ன காட்டினால் உன் சந்தேகம் தீரும் என்று முதலிலேயே சொல்லிவிடு. அதைக் காட்டின பிறகு விட்டுவிடு. சொல்ல முடியாவிட்டால் அது சந்தேகம் அல்ல, பகை.

பகை என்றவுடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020இல் முரளிதரன் வாழ்க்கையை "800" என்று படமாக எடுக்கிறார்கள், விஜய் சேதுபதி நடிக்கிறார் என்று செய்தி வந்தது. தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு. 2009இல் ஈழ யுத்தம் முடிந்ததைப்பற்றி அவர் பேசின வார்த்தைகள்தான் காரணம். கடைசியில் முரளிதரனே கேட்டுக்கொண்டதன்பேரில் விஜய் சேதுபதி விலகினார். வேறொருவர் நடித்து 2023இல் படம் வெளிவந்தது. அந்த வார்த்தைகளில் எனக்கும் வருத்தம் உண்டு. அத்தனை தாய்மார் அழுத ஒரு காரியத்தில் இன்னும் பயந்து பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அந்த நாட்களில் நம் டீக்கடைகளில் என் காதில் விழுந்தது என்ன? "அவன் எறிஞ்சுதானய்யா விக்கெட் எடுத்தான்!" அதுவரைக்கும் அவர் நம்ம தமிழன் என்று பெருமை பேசின அதே வாய்! ஒருவருடைய பேச்சில் நமக்குக் கோபம் என்றால் பேச்சைப் பற்றிக் கேட்போம். அந்தக் கணக்கை முழங்கையில் எழுதலாமா? கடன் வேறு, கடைச்சரக்கு வேறு. சிங்களர் நடுவே ஒரு தமிழன் என்று அவரைப் பார்த்தவர்களும் உண்டு, தமிழர் நடுவே ஒரு இலங்கையன் என்று பார்த்தவர்களும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு தென்கரையில் சீனிகம கிராமத்தில் வீடிழந்த சிங்கள ஜனங்களுக்கு உதவி கொண்டுபோனவர்களில் அவர் ஒருவர் என்பதையும் எழுதிவைக்கிறேன். இதை வைத்தும் அவர் பந்துவீச்சுக்கு மதிப்பெண் போடாதீர்கள். அதுவும் வேறு கணக்கு.

2010 ஜூலை, காலி மைதானம், இந்தியாவுக்கு எதிராக. இதோடு டெஸ்டை விடுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். 800க்கு இன்னும் எட்டு விக்கெட் வேண்டும். கடைசி நாளில், கடைசி ஆளாக ஆடின பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்டு ஸ்லிப்பில் ஜெயவர்த்தனே கைக்குப் பந்து போனது. 133 டெஸ்ட், 800 விக்கெட். இதை எழுதுகிற இன்றைக்கும் அதைத் தொட்டவர் இல்லை.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டான். "அப்ப பாஸ்டர், யாருமே அளக்காத காலத்துல, 92லயும் 93லயும் அவுட் ஆனவங்க?" அதற்கு என்னிடத்தில் அளவு இல்லை. அந்தப் பந்துகளை இனி எந்தக் கேமராவும் அளக்க முடியாது. அவரோடு எதிர்முனையில் போட்டவர்களுடைய பந்துகளையும்தான். ஸ்கோர் புத்தகத்தில் அவை விக்கெட் என்று எழுதியிருக்கிறது. ஒன்றின் பக்கத்திலும் நான் நட்சத்திரம் போட மாட்டேன் என்றேன். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.